பணியிடத்தில் ஊழியர் நலனும் நேர்மறை உளவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுவை நடத்துபவர்கள், எச்.ஆர். பிரிவில் இருப்பவர்கள், வேலையில் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் செலவழிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எந்தக் கேள்வியிலிருந்தும் படிக்கத் தொடங்கலாம். நேரம் குறைவாக இருந்தால் இரண்டாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நேர்மறை உளவியல் என்றால் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பதா?

இல்லை. மனம் எப்படி நோயுறுகிறது, அதை எப்படிக் குணப்படுத்துவது என்பதில்தான் உளவியல் நெடுங்காலம் கவனம் வைத்திருந்தது. மனிதர்கள் எப்போது நன்றாக வாழ்கிறார்கள், எது அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதையும் அதே அளவு கறாராக ஆராய வேண்டும் என்று 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன் வலியுறுத்தினார். நேர்மறை உளவியல் தனித் துறையாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். 2011-ல் அவர் நல்வாழ்வுக்கு ஐந்து கூறுகளைச் சொன்னார்: நல்ல உணர்வுகள், செய்யும் காரியத்தில் ஒன்றிப்போவது, உறவுகள், அர்த்தம், சாதித்த நிறைவு.

மகிழ்ச்சியான உணர்வு இந்த ஐந்தில் ஒன்று மட்டுமே. மற்ற நான்கும் வேலை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தவை. நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து விழும் இடத்தில் ஒன்றிப்போக முடியாது. தான் செய்த வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்றே தெரியாதவருக்கு அர்த்தம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டி வைப்பதோடு நின்றுவிடும் நிறுவனங்கள் இந்த நான்கையும் தொடுவதே இல்லை.

ஊழியர் நலனை உண்மையில் கெடுப்பது எது? எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு வேலையிலும் இரண்டு தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேலை நம்மிடம் கேட்பவை: நேரம், கவனம், உடலுழைப்பு, பொறுமை, அவசரம். மற்றதில் வேலை நமக்குத் தருபவை: முடிவெடுக்கும் சுதந்திரம், உதவி, தெளிவான எதிர்பார்ப்பு, ஃபீட்பேக், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. 2001-ல் டெமெரூட்டி, பாக்கர் முதலிய ஆய்வாளர்கள் முன்வைத்த மாதிரியின் சாரம் இதுதான். கேட்பவை கூடிக்கொண்டே போனால் ஆள் களைத்துப்போவார். தருபவை வற்றிப்போனால் வேலையில் ஒட்டுதலே விட்டுப்போகும். இரண்டும் சேர்ந்து நடந்தால் நல்ல ஊழியர்கூட நொறுங்கிவிடுவார்.

1979-லேயே ராபர்ட் கராசெக் இதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டியிருந்தார். வேலைப்பளு அதிகம், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் மன அழுத்தத்தை மிக அதிகமாக உண்டாக்குகிறது. பளு கூடுதலாக இருந்தாலும் சுதந்திரமும் கூடவே இருந்தால், அதே வேலை சவாலாகவும் கற்றலாகவும் மாறும். ஆகவே ஆள் பற்றாக்குறையால் பளுவை உடனே குறைக்க முடியாத நிலையிலும் ஒன்று செய்யலாம்: எதை முதலில் செய்வது, எந்த வரிசையில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது என்பதை ஊழியர் கையில் விடலாம். பட்ஜெட் தேவைப்படாத மாற்றங்களில் இதைவிட வலுவானது குறைவு.

உங்கள் இடத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பணிச்சோர்வு (பர்ன்அவுட்) ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வகுத்த ஆறு பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பளு, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் கட்டுப்பாடு, கைம்மாறு, சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஆறையும் எழுதி, குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் "இதில் எது உங்களை அதிகம் உறுத்துகிறது?" என்று கேட்டு ஒன்றே ஒன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். பளு என்ற வரியில் குறிகள் குவியும் என்று மேலாளர்கள் எதிர்பார்ப்பார்கள். பல குழுக்களில் நியாயம் என்ற வரிதான் நிறைந்துவிடும். விடுமுறை யாருக்குக் கிடைக்கிறது, இரவு ஷிப்ட் யார் தலையில் விழுகிறது, யாருடைய தவறு மட்டும் மீட்டிங்கில் பேசப்படுகிறது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அங்கே குறி விழுந்திருக்கும்போது தியான வகுப்பு நடத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

யோகா, தியான ஆப், உடல்நல முகாம் எல்லாம் வீண் என்கிறீர்களா?

வீண் அல்ல. அவற்றிடம் எதிர்பார்ப்பதுதான் அளவுக்கு மீறிப் போகிறது. அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில், 160 கிளைகளில் வேலை செய்த சுமார் 33,000 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 20 கிளைகளில் மட்டும் உடல்நலத் திட்டம் செயல்படுத்தப்பட்டது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் அந்தக் கிளைகளில் கூடியிருந்தார்கள். ஆனால் இரத்த அழுத்தம் போன்ற அளவீடுகளிலோ, மருத்துவச் செலவிலோ, விடுப்பு எடுக்கும் நாட்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு 2019-ல் வெளியானது. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வொன்றும் இதே திசையைக் காட்டியது. மன உறுதிப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, நல ஆப்கள் போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது ஆய்வு குலுக்கல் சோதனை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தனிநபர் பயிற்சிகள் விரும்பியவருக்கு விரும்பிய நேரத்தில் கிடைக்கட்டும். கட்டாயமாக்காதீர்கள். அவற்றை வேலை நேரத்துக்குள்ளேயே நடத்துங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் "நல வகுப்பு" வைத்தால், தட்டில் இன்னொரு வேலையை ஏற்றியதாகத்தான் ஆகும்.

பணிச்சோர்வு என்பதும் சாதாரணக் களைப்பும் ஒன்றா?

ஒன்றல்ல. களைப்பு தூங்கி எழுந்தால், நான்கு நாள் விடுமுறை எடுத்தால் இறங்கும். பணிச்சோர்வு அப்படி இறங்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இது நோயாகச் சேர்க்கப்படவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வரும் நிலை என்றே விவரிக்கப்படுகிறது. மூன்று அடையாளங்கள்: சக்தியே வற்றிப்போன உணர்வு, வேலையிடமிருந்து மனம் விலகி எல்லாவற்றையும் கசப்போடு பார்ப்பது, தன்னால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

மேலாளர்கள் முதலாவதை எளிதில் கண்டுகொள்வார்கள். இரண்டாவதைத்தான் தவறாகப் படிப்பார்கள். முன்பெல்லாம் மீட்டிங்கில் மூன்று யோசனை சொல்பவர் இப்போது "எதுவானாலும் சரி" என்கிறார். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர் இப்போது "அந்த டிக்கெட்" என்கிறார். இதை ஒழுங்குக் குறைவு என்று எழுதிக் கொடுத்தால் அவர் இன்னும் விலகிப்போவார். இந்த மாற்றம் எப்போது தொடங்கியது, அந்தச் சமயத்தில் வேலையில் என்ன மாறியது என்று தேடுங்கள்.

ஊழியர் நலனை எண்ணில் அளக்க முடியுமா?

முடியும். நாற்பது கேள்வி கொண்ட சர்வே தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலச் சுட்டெண் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக உணர்ந்தேன், எழும்போது புத்துணர்வு இருந்தது, என் நாட்கள் எனக்கு ஆர்வமூட்டும் விஷயங்களால் நிறைந்திருந்தன என்ற ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 0 என்றால் ஒருபோதும் இல்லை, 5 என்றால் எல்லா நேரமும். கூட்டி 4-ஆல் பெருக்க வேண்டும்.

ஒருவர் 3, 2, 2, 1, 3 என்று போட்டால் கூட்டல் 11. நான்கால் பெருக்கினால் 44. நூற்றுக்கு 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நலன் குறைந்திருக்கிறது, கவனிக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இது நோயறிதல் அல்ல. ஒருவரின் எண்ணைக் கொண்டு அவரைப் பற்றி முடிவெடுக்கவும் கூடாது. குழுவின் சராசரியையும், 50-க்குக் கீழே எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சராசரி 64 என்று நிம்மதியாகத் தெரியும், உள்ளே பத்துப் பேரில் மூவர் 32-ல் இருப்பார்கள்.

இந்த ஐந்தோடு வேலை பற்றி மூன்று கேள்வி சேர்த்தால் போதும்: "என் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்க எனக்கு இடம் இருக்கிறது", "உதவி கேட்டால் கிடைக்கிறது", "இங்கே முடிவுகள் நியாயமாக எடுக்கப்படுகின்றன". முதல் ஐந்தும் நிலையைச் சொல்லும், இந்த மூன்றும் காரணத்தைக் காட்டும்.

அளவீட்டில் வழக்கமாக நடக்கும் பிழைகள் உண்டு. பதில் தந்தவர்கள் ஐந்து பேருக்குக் குறைவு என்றால் அந்தக் குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள், யார் என்ன சொன்னார் என்று ஊகித்துவிடுவார்கள். வயது, பாலினம், பதவி, பிரிவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "பெயர் கேட்கவில்லையே" என்பதும் அதே தவறுதான். ஆண்டுக்கணக்கு முடிக்கும் வாரத்தில் ஒருமுறை, விடுமுறை முடிந்த வாரத்தில் ஒருமுறை அளந்து இரண்டையும் ஒப்பிடவும் கூடாது. மிக மோசமான எண் வந்த ஒரே குழுவில் மட்டும் திட்டத்தைத் தொடங்கினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதல பாதாளத்தில் இருப்பது சராசரியை நோக்கித் திரும்புவது இயல்பு. அதனால் திட்டம் தொடங்காத இன்னொரு குழுவையும் அதே வாரங்களில் அளந்துவையுங்கள்.

சர்வேயில் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். ஆனால் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஏன்?

சொல்வது ஆபத்து என்று அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் சொல்லின. மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டார்கள். பயமில்லாமல் பேச முடிகிற இந்த நிலையை அவர் உளவியல் பாதுகாப்பு என்றார்.

எனவே புகாரே இல்லாத குழுவைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். இந்தப் பாதுகாப்பைக் கட்டுவது பேச்சால் நடக்காது. முதல் கெட்ட செய்தி வரும் அந்தப் பத்து விநாடியில் உங்கள் முகமும் முதல் வாக்கியமும் என்ன செய்கின்றன என்பதில்தான் இருக்கிறது. "யார் செய்தது?" என்று தொடங்கினால் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களிடம் எதுவும் வராது. "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப எந்த அளவுல இருக்கு?" என்று தொடங்குங்கள். காரணத்தை அடுத்த நாள் தேடலாம். சர்வே முடிவையும் இரண்டு வாரத்துக்குள் குழுவிடம் அப்படியே காட்டி, அதில் ஒரே ஒன்றையாவது ஒரு மாதத்துக்குள் மாற்றிக் காட்டுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

பாராட்டுவது எப்படி? எல்லோரையும் பாராட்டினால் மதிப்பில்லாமல் போகாதா?

எல்லோருக்கும் ஒரே வாக்கியம் போனால் மதிப்பு போகும். "சூப்பர், கலக்கிட்டீங்க" என்பது காதில் நிற்காது. நல்ல பாராட்டில் மூன்று பகுதிகள் இருக்கும்: என்ன செய்தார், எதைக் கைக்கொண்டு செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆனது. இப்படி: "நேத்து அந்த வாடிக்கையாளர் மூணு தடவை அதே கேள்வியைக் கேட்டப்ப, நீங்க பில்லை வரி வரியாப் படிச்சுக் காட்டினீங்க. அந்தப் பொறுமையாலதான் அவர் கணக்கை மூடாமத் தொடர்றார்." நாற்பது விநாடிகூட ஆகாது. நடந்த 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் சொன்னால் விவரம் மறந்திருக்கும், விவரம் இல்லாத பாராட்டு சடங்காகிவிடும்.

சிலருக்குக் கூட்டத்தில் பாராட்டினால் கூச்சமாக இருக்கும். முதல் தடவையே "உங்களைப் பற்றி எல்லார் முன்னாடியும் சொல்லலாமா, தனியாச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். பாராட்டோடு "ஆனால்" சேர்க்காதீர்கள், கேட்பவருக்கு "ஆனால்"-க்குப் பின்னால் வந்தது மட்டும்தான் மனதில் தங்கும். திருத்தம் சொல்ல வேண்டியிருந்தால் வேறு நேரத்தில் சொல்லுங்கள். மாதாந்திர "சிறந்த ஊழியர்" விருதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. ஒருவருக்கு மகிழ்ச்சி தந்து, ஒன்பது பேருக்கு "நான் இல்லை" என்ற செய்தியைத் தருகிறது. குழுவாகச் செய்த வேலைக்கு ஒரே ஒருவர் பெயரை எழுதினால் நியாயம் பற்றிய கேள்வியும் கிளம்பும்.

இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்ல வேண்டும். ஊழியர் தானே ஒரு நல்ல செய்தியோடு வரும்போது நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதும் பாராட்டுக்கு இணையானது. ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004-ல் நெருங்கிய உறவுகளை வைத்துச் செய்த ஆய்வில், நல்ல செய்திக்கு ஆர்வத்தோடு விவரம் கேட்டுப் பதில் தருவது உறவை வலுப்படுத்துவதைக் கண்டார்கள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஓ, நல்லது" என்பது அந்தப் பலனைத் தராது. "எப்படி நடந்தது? எங்க சிக்கியிருந்தது?" என்று கேளுங்கள்.

"மூன்று நல்ல விஷயங்கள்" பயிற்சியைக் குழுவில் செய்யலாமா?

செய்யலாம், சரியாகச் செய்தால். 2005-ல் செலிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களுக்கு, ஆறு மாதம் வரை மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தும் இருந்தன. பங்கேற்றவர்கள் தாங்களாகவே இணையம் வழியாக வந்தவர்கள் என்பது முக்கியம். கட்டாயப்படுத்தப்பட்டவர்களுக்கும் இதே பலன் வரும் என்று எண்ண வேண்டாம்.

பணியிடத்துக்கு ஏற்ற வடிவம்: வேலை முடியும் நேரத்தில் ஐந்து நிமிடம், சொந்த நோட்டில், மூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் கீழே "இது ஏன் நடந்தது?" என்று ஒரு வரி. இந்த இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. "லோடு நேரத்துக்குப் போனது" என்று எழுதுபவர், ஏன் என்று யோசிக்கும்போது "காலையிலேயே கிடங்குக்குப் போன் பண்ணினேன்" என்று எழுதுவார். தன் கை அதில் இருந்ததை அவரே பார்த்துவிடுகிறார். ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு முறை போதும், தினமும் தொடர்ந்தால் "காபி நன்றாக இருந்தது" என்று தேய்ந்துவிடும்.

குழு மீட்டிங்கில் வரிசையாக எல்லோரையும் சொல்ல வைப்பது, மேலாளர் நோட்டை வாங்கிப் பார்ப்பது, ஆட்குறைப்பு அறிவித்த வாரத்தில் இதைத் தொடங்குவது ஆகிய மூன்றும் பயிற்சியைக் கெடுத்துவிடும். துக்கத்திலோ கடுமையான மனச்சோர்விலோ இருப்பவரை இதற்குள் இழுக்காதீர்கள்.

நல்ல உணர்வும் கெட்ட உணர்வும் 3:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டுமாமே?

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 2005-ல் வந்த ஒரு கட்டுரை, கணித மாதிரி ஒன்றைக் காட்டி 2.9 என்ற எல்லையைச் சொன்னது. அந்தக் கணிதம் பொருந்தாது என்று 2013-ல் பிரவுன், சோகல், ஃப்ரீட்மன் மூவரும் விளக்கினார்கள், மாதிரி திரும்பப் பெறப்பட்டது. இன்னும் பல பயிற்சி ஸ்லைடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊழியரோடு தனியாக ஒன்-டு-ஒன் பேச்சு நடத்தினால் எல்லாம் வேலை நிலவரமாகவே போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

வேலை நிலவரத்துக்கு வேறு நேரம் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 நிமிடம், பேச்சில் முக்கால் பங்கு ஊழியருடையது. மூன்று கேள்வி போதும். "போன ரெண்டு வாரத்துல எந்த வேலை உங்களுக்குத் தடையில்லாம ஓடுச்சு?" "எது இழுத்தடிச்சுது?" "அதுல நான் எடுத்துப்போட முடிஞ்ச கல் எது?" மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலைத் தாளில் எழுதி, அடுத்த சந்திப்பில் அதிலிருந்தே தொடங்குங்கள். "அந்த ரிப்போர்ட் ஃபார்மட்டை மாத்தச் சொல்லிப் பேசிட்டேன், வியாழக்கிழமை பதில் வரும்" என்ற ஒரு வாக்கியம் பத்து ஊக்கப் பேச்சுக்குச் சமம்.

ஏன் தடைகளைப் பற்றியே கேட்கச் சொல்கிறோம்? தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார்கள். அர்த்தமுள்ள வேலையில் சிறிதளவேனும் முன்னேறிய நாட்கள்தான் ஊழியர்களுக்கு மிக நல்ல நாட்களாக இருந்தன. பின்னடைவு நேர்ந்த நாட்கள் மிக மோசமானவை. முன்னேற்றத்துக்குக் குறுக்கே கிடப்பதை அகற்றுவதே மேலாளரின் நல வேலை.

சந்திப்பைத் தொடர்ந்து மூன்று முறை ரத்து செய்தால், "நீ முக்கியமில்லை" என்று எழுத்தில் கொடுத்ததாக அர்த்தம். ரத்து செய்யாதீர்கள், தேதியை மட்டும் மாற்றுங்கள்.

வேலையே பிடிக்கவில்லை, ஆனால் மாற முடியாது. ஏதாவது வழி?

வேலைக்குள்ளேயே வேலையைச் செதுக்குவது ஒரு வழி. 2001-ல் ஆமி ரெஸ்னியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் இதை விவரித்தார்கள். மருத்துவமனையில் துப்புரவு செய்பவர்களில் சிலர் தரையைத் துடைப்பதோடு நிற்காமல், நோயாளிகளிடமும் வருபவர்களிடமும் பேசி, குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று பார்த்தார்கள். பணிப் பட்டியல் ஒன்றுதான், அவர்கள் செய்த வேலை வேறு.

செய்முறை: ஒரு வாரம் உங்கள் பணிகளை நேரத்தோடு குறித்துவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்து முடித்ததும் சக்தி ஏறியதா இறங்கியதா என்று ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி. பிறகு ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள், வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாத அளவில். கூட்டல் குறி பெற்ற ஒன்றைக் கொஞ்சம் கூட்டலாம் (புதியவர்களுக்குக் கற்றுத்தருவது பிடித்தால் அதற்கு ஒரு மணி நேரம்). கழித்தல் குறி பெற்ற சின்ன வேலைகளை நாள் முழுக்கச் சிதறவிடாமல் ஒரே மணி நேரத்தில் குவிக்கலாம். உங்கள் வேலையின் பயனைப் பெறுபவரை நேரில் சந்திக்கலாம். இந்தக் கடைசி வழிக்கு நல்ல சான்று உண்டு: ஆடம் கிராண்ட் நடத்திய ஆய்வில், பல்கலைக்கழகத்துக்குப் போனில் நிதி திரட்டியவர்கள் அந்த நிதியால் உதவித்தொகை பெற்ற மாணவரைச் சில நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

மாற்றத்தை மேலாளரிடம் சொல்லிவிட்டு நான்கு வாரம் செய்து பாருங்கள். பிடிக்காத வேலையைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவது செதுக்குவது ஆகாது. சம்பளமும் ஆளும் குறைந்த இடத்தில் "உங்கள் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொல்ல இதைப் பயன்படுத்தவும் கூடாது. இந்தக் கருவி ஊழியர் கையில் இருக்க வேண்டியது.

சம்பளம் குறைவாக இருந்தால் இதெல்லாம் பலிக்குமா?

வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போதாத சம்பளத்தைப் பாராட்டால் ஈடுகட்ட முடியாது. முதலில் சம்பளம், வேலைப் பாதுகாப்பு, உடல் பாதுகாப்பு.

நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் சிரித்தே ஆக வேண்டிய வேலை. அந்தக் களைப்புக்கு என்ன செய்வது?

இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர். ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் இதை விரிவாக எழுதினார். உள்ளே கொதித்துக்கொண்டே முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைப்பதுதான் ஆளை அதிகம் தேய்க்கிறது. எதிரில் இருப்பவரின் நிலையை உண்மையாகவே புரிந்துகொண்டு பதில் தருவது அவ்வளவு தேய்ப்பதில்லை.

நிறுவனம் செய்யக்கூடியவை: கெட்ட வார்த்தை பேசும் வாடிக்கையாளரின் அழைப்பை ஒருமுறை எச்சரித்துவிட்டுத் துண்டிக்கும் உரிமை, எழுத்தில். மோசமான அழைப்புக்குப் பிறகு யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய ஐந்து நிமிடம், அது அப்ரைசலில் கழியக் கூடாது. முகத்தைக் கழற்றிவைக்க முடிகிற, வாடிக்கையாளர் கண்ணில் படாத ஓர் இடம்.

வேலை முடிந்த பிறகும் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு கெடுதலா?

ஆம். சபீன் சோனன்டாக்கும் சார்லோட் ஃப்ரிட்ஸும் 2007-ல் வேலையிலிருந்து மீள்வதை நான்காகப் பிரித்தார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, தளர்வு, வேறொன்றைக் கற்றுத் தேர்வது, ஓய்வு நேரத்தைத் தானே தீர்மானிப்பது. இரவு ஒன்பதரைக்கு வரும் "நாளைக்குப் பார்க்கலாம், அவசரமில்லை" என்ற மெசேஜ் முதலாவதையும் நான்காவதையும் ஒரே நேரத்தில் உடைக்கிறது. பதில் போடாவிட்டாலும் மனம் அலுவலகத்துக்குப் போய்விடும். நேரத்தின் அளவும் முக்கியம்: வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணித்தன.

குழுவுக்கு ஒரு பக்க விதி எழுதுங்கள். அவசரம் என்றால் என்ன என்று மூன்று உதாரணத்தோடு வரையறுங்கள். அவசரத்துக்குப் போன் அழைப்பு மட்டும், மெசேஜ் எதுவும் காலை வரை காத்திருக்கலாம். இந்த வாரம் யார் அழைப்புக்குக் காத்திருப்பவர் என்று சுற்று முறையில் பெயர் இருக்கட்டும், மற்றவர்கள் நிம்மதியாகப் போனை அணைக்கலாம். இரவில் யோசனை வந்தால் எழுதி, காலை போகும்படி நேரம் குறித்து வையுங்கள். இந்த விதி தோற்பது ஒரே இடத்தில்தான்: மேலாளர் விதியைப் படித்துக் காட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பதில் போட்டவரை மறுநாள் "பொறுப்பானவர்" என்று புகழும்போது.

ஒருவர் மிக மோசமான மனநிலையில் இருப்பதாகத் தோன்றுகிறது. மேலாளர் என்ன செய்யலாம்?

நேர்மறைப் பயிற்சிகளை ஒதுக்கிவையுங்கள். தனி அறையில், நேரம் ஒதுக்கி, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா நீங்க சாப்பிட வர்றதில்லை, நேத்து கண் கலங்கி இருந்தீங்க. எப்படி இருக்கீங்க?" பிறகு பேசாமல் காத்திருங்கள். அறிவுரை, "எல்லாம் சரியாகிடும்", உங்கள் சொந்தக் கதை எதுவும் வேண்டாம். வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். குடும்பத்தினர், மருத்துவர் அல்லது அவசர உதவி எண்ணோடு அப்போதே தொடர்பு ஏற்படுத்துங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள், "உங்க பாதுகாப்புக்குத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மையானது.

மூன்று மாதம் ஆகியும் நலச் சுட்டெண் நகரவில்லை. எங்கே பிழை?

முதலில் மாற்றம் உண்மையில் நடந்ததா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஒன்-டு-ஒன் ஆறில் எத்தனை நடந்தது? இரண்டுதான் என்றால், தோற்றது திட்டமல்ல, காலண்டர். ஆறும் நடந்திருந்தால், ஊழியர்கள் சொன்ன தடைகளில் எத்தனை அகற்றப்பட்டன என்று எண்ணுங்கள். பேச்சு நடந்தும் கல் நகரவில்லை என்றால் எண்ணும் நகராது.

அதுவும் சரியாக இருந்தால், இடையில் வேறு ஏதாவது வந்ததா என்று பாருங்கள்: புது மென்பொருள், ஒருவர் விலகி அவர் வேலை பிரிந்து விழுந்தது, டார்கெட் ஏறியது. அப்படி இருந்தால் எண் இறங்காமல் நின்றதே திட்டத்தின் பலனாக இருக்கலாம், ஒப்பீட்டுக்கு வைத்த இன்னொரு குழுவின் எண் அதைச் சொல்லிவிடும். அங்கேயும் அதே எண் என்றால், இரண்டாவது கேள்வியில் சொன்ன ஆறு பகுதிகள் எழுதிய தாளை மறுபடி எடுத்துப்போய்க் குழுவின் முன் வைத்து, இந்த முறை ஒரு குறிக்குப் பதிலாக ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்லுங்கள்.